இஷிகாவின் அப்பா இறந்த கதை

சுயம்பு செத்தது ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி சுமாருக்கு. அப்போது அவன் வீட்டுக்கு வந்திருந்த டிவிக்காரப் பெண்ணுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தான். நோய் நொடி எதுவும் கிடையாது, ரயிலில் அடிபடவும் இல்லை. மகளுக்குப் பாட்டுப் போட்டியில் ஒரு இடம் வேண்டும் என்பதற்காக, நான் செத்துப்போனதாகச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று தன் வாயாலேயே சொன்னான். யாரும் அவன் கழுத்தைப் பிடிக்கவில்லை. தாராவியில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன? அவர்கள் வீட்டில் பாடுகிற பிள்ளை இல்லை.

பிள்ளையின் பெயர் இசக்கியம்மாள். குலதெய்வத்தின் பெயரை விட்டால் சாமி கோபித்துக்கொள்ளும். வைத்தாலோ மராத்தி டீச்சரின் வாயில் நுழையாது. அதனால் பள்ளிக்கூடத்தில் இஷிகா என்று எழுதிக்கொடுத்தார்கள். அவளுக்கு ஐந்து வயதாகும்போது தாராவி அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் மைக்செட்காரன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மேடை ஏறிவிட்டாள். எங்கேயோ கேட்ட சாமி பாட்டு ஒன்றை எடுத்து, கடைசி வரி வரைக்கும் பிசிறில்லாமல் பாடினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. கையில் பொங்கல் தொன்னையோடு நின்றிருந்த சுயம்புவுக்குப் பாடுவது தன் பிள்ளைதான் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டான்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். தொண்ணூறடி ரோட்டில் ஜீன்ஸ் தைக்கிற பட்டறையில் அவன் கட்டிங் மாஸ்டர். நல்ல வேலைக்காரன், முதலாளி இனாயத்துல்லாவே அவனிடம் குரல் உயர்த்திப் பேசமாட்டார். அப்படிப்பட்டவன் காலை ஐந்தே முக்காலுக்குப் பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மாட்டுங்காவில் பாட்டு வகுப்புக்குப் போவான். மூன்றாவது மாடியில் வகுப்பு. இவன் மாடிப்படியில் உட்கார்ந்து, கதவிடுக்கு வழியாக வருகிற பாட்டைப் போனில் பதிவு செய்வான். பட்டறையில் துணி வெட்டும்போது அதைத் திரும்பத் திரும்பக் கேட்பான். மேஜைமேல் ஒரு கை தாளம் போடும், மறு கை மிஷினைப் பிடித்திருக்கும். கூட வேலை செய்கிறவர்கள், பாகவதரே, விரலைப் பார்த்து வெட்டும் என்பார்கள். சரிகமபதநி என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்தவன், இரண்டே வருஷத்தில் பிள்ளை எந்த இடத்தில் சுருதி இறங்குகிறாள் என்று சொல்கிற அளவுக்குக் காது வளர்த்துக்கொண்டான்.

தொண்டை தொண்டை என்று வீட்டையே ஆட்டிவைத்தான். பதினெட்டு வயதிலிருந்து வாயில் அடக்கிய மாவாப் புகையிலையைத் துப்பிவிட்டான், அந்த வாடைக்குப் பிள்ளை இருமுகிறாள் என்று. மிளகாய் வற்றல் வறுக்கக் கூடாது. ஐஸைச் சீவிச் சிவப்புச் சாயம் ஊற்றித் தெருவில் விற்கிற கோலா கூடாது. பெண்டாட்டி பானுமதி இட்லி மாவு ஆட்டி அக்கம்பக்கத்துக்கு விற்பவள். கிரைண்டர் சத்தம் சுருதிப்பெட்டியோடு மோதுகிறது என்று அவள் ஆட்டுகிற நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றினான். ரெண்டு மணி வெயிலில் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து மாவு ஆட்டிப் பார்த்தால் தெரியும் அந்தக் கஷ்டம். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாயிற்று, மும்பையில் பிறந்து வளர்ந்தும் சிவப்புக் கோலாவின் ருசி தெரியாது, பாவம். பேராசை பிடித்த அப்பன் என்று சிலர் சொன்னார்கள். பேராசைதான். பெற்றவனுக்கு இல்லாத பேராசை வேறு யாருக்கு இருக்கவேண்டுமாம்?

ஒரு ஹிந்தி சேனல் குழந்தைகளுக்குப் பாட்டுப் போட்டி அறிவித்தது. அந்தேரிப் பக்கம் ஒரு ஸ்டூடியோ வாசலில் ஒன்பது மணி நேரம் வரிசையில் நின்றார்கள். இஷிகா முதல் சுற்றில் தேறினாள், இரண்டாவதில் தேறினாள், மூன்றாவதில் நடுவர் ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார். மிஞ்சியது நாற்பது பிள்ளைகள். அவர்களில் பன்னிரண்டு பேர்தான் டிவியில் வரப்போகிறவர்கள். வீடு பார்க்க ஆள் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தப் புதன்கிழமை வந்தவள் பெயர் வந்தனா. செம்பூரில் இருக்கிற பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். தமிழ் தெரியும் என்பதால் அவளை அனுப்பியிருந்தார்கள். நம்ம பாஷை பேசுகிற பெண் என்று சுயம்புவுக்கு வாயெல்லாம் பல். இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று வீட்டைச் சுற்றிக் காட்டினான். போன பொங்கலுக்குப் போட்ட டைல்ஸ், ஃபிரிட்ஜ், பிள்ளை சாதகம் பண்ணுவதற்கென்றே மேலே பலகை அடித்துக் கட்டிய குட்டி அறை. அவன் காட்டக் காட்ட அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. மடத்தனம், அவனுக்கு அது தெரியவில்லை.

அவள் கேள்வி கேட்டாள். குடிப்பது உண்டா? கிடையாது. பிள்ளை பாடக்கூடாது என்று எப்போதாவது தடுத்தது உண்டா? இதற்கு அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. ஏழு வருஷக் கதையை மூச்சு விடாமல் சொன்னான். மாடிப்படி, மழையில் பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக் கட்டிய துண்டு, மாவா விட்டது எல்லாம். வந்தனா கையிலிருந்த போனில் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. மற்ற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். டோம்பிவிலியில் ஒரு பையன். அவன் அப்பாவுக்கு ரயிலில் ஒரு கால் போய்விட்டது. அம்பர்நாத்தில் ஒரு பெண்; பெற்றவர்கள் இல்லை, ஃபாக்டரி கேன்டீனில் வேலை செய்கிற அத்தை வளர்க்கிறாள். அந்த இரண்டு பேர், இஷிகா, மூன்று பேரில் ஒருவருக்குத்தான் இடம்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ அங்கிள்," என்றாள். "நல்ல அப்பா, வேலைக்குப் போறார், கிளாஸுக்குக் கொண்டு விடறார்னா, அது எல்லார் ஆத்துலயும் இருக்கு. அதுக்கு யாரும் ஓட்டுப் போட மாட்டா."

பிறகு இழுத்து இழுத்து விஷயத்துக்கு வந்தாள். ஆன்ட்டி மாவு விற்கிறார் இல்லையா, அது நல்ல விஷயம். ஆன்ட்டி தனியாளாகப் பிள்ளையை வளர்த்தார் என்று வைத்துக்கொண்டால்? அங்கிள் இவர்களை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார் என்று? ஒரே ஒரு எபிசோடில்தான் அந்தப் பேச்சு வரும், அதற்கப்புறம் பாட்டுதான், யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது.

இங்கேதான் அவன் புத்தி கெட்டுப்போனது. மாட்டேன், எழுந்து போம்மா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: விட்டுவிட்டுப் போனவன். திசையன்விளைப் பக்கத்து ஆள் அவன். பெண்டாட்டி பிள்ளையை நிர்க்கதியாக விட்டு ஓடினவன் என்ற பெயரைப்போல ஒரு கேவலம் அவன் ஊரில் கிடையாது. ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

"ஓடிப்போனவன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா," என்றான். "அதுக்கு நான் செத்துப் போனேன்னே சொல்லிருங்க."

வந்தனாவின் முகம் மலர்ந்தது. அடுப்படியில் நின்ற பானுமதி கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"என்ன பேச்சு பேசுதிய நீங்க? வெள்ளிக்கிழமையும் செவ்வாக்கிழமையும் நான் யாருக்காக விளக்கு ஏத்துதேன்?"

அவளைச் சமாதானப்படுத்த அவனிடம் ஒரு நியாயம் இருந்தது. உயிரோடு இருக்கிறவன் செத்துவிட்டான் என்று பொய்ச் சேதி பரவினால் அவனுக்கு ஆயுசு கூடும் என்பார்கள் இல்லையா? எனக்கு இன்னும் முப்பது வருஷம் கெட்டி என்று சிரித்தான். அதுவும் ஹிந்தி சேனல். ஊரில் எவன் பார்க்கப் போகிறான்? பானுமதி சிரிக்கவில்லை. ஆனால் மேலே பலகையறையில் பிள்ளை பாடிக்கொண்டிருந்தாள், அதைக் கேட்டுக்கொண்டே அவளும் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

படப்பிடிப்பை இவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. டைல்ஸ் உதவாதாம். சாக்கடை ஓடுகிற நாலாவுக்குப் பக்கத்தில், மழைத் தண்ணீர் ஒழுகுகிற ஒரு தகர அறையை ஒரு நாளைக்கு எடுத்தார்கள். அங்கே கொண்டுபோய் பானுமதியை நிறுத்தி, நெற்றிப் பொட்டை அழிக்கச் சொன்னார்கள். தாலியையும். உள்ளே சொருகிக்கொள்கிறேனே என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்; கேமரா கழுத்துக்கிட்டே வரும், மஞ்சள் கயிறு தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள்.

"எங் கையால கழட்ட மாட்டேன். வேணும்னா நீங்களே கழட்டுங்க."

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் மேளம் கொட்ட முடிச்சுப் போட்டவன், நாற்றமடிக்கிற ஓடைக்கரையில் நின்று அதைத் தலைவழியாகக் கழற்றினான். பானுமதி அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். உள்ளே சுவரில் அவன் போட்டோ மாட்டியிருந்தது, சந்தன மாலையோடு. ஃபிரேமுக்குள் வந்துவிடுவான் என்று அவனை வெளியே தள்ளி நிற்கச் சொன்னார்கள். நின்றான்.

பிள்ளைதான் முதலில் மிரண்டாள். யப்பா, சாமி கண்ணைக் குத்திவிடாதா என்று கேட்டாள். இது நாடகத்தில் வேஷம் கட்டுகிற மாதிரிதான் என்று அவன் சொன்னான். அதோடு விட்டானா? ஏழு வருஷம் பாட்டுக்கு அருகிலிருந்து பழகியவன் ஆயிற்றே, இதையும் அவனே அவளுக்குப் பழக்கினான். 'எனக்கு ஆறு வயசுல அப்பா சாமிகிட்டப் போயிட்டார்' என்று ஹிந்தியில் எழுதிக் கொடுத்திருந்த வரியை வாங்கி, எங்கே மூச்சு விடவேண்டும், எந்தச் சொல்லில் குரல் உடையவேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். அழும்போது மூக்கை உறிஞ்சாதே, மைக்கில் கேட்கும் என்றான். பிள்ளை கற்பூரம். மூன்றாம் தடவையே பிடித்துக்கொண்டாள். நான்காம் தடவை அவள் சொன்னபோது சபாஷ் என்றான்.

அந்த எபிசோடு வந்த ராத்திரி நாடே அழுதது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பானுமதியின் வெறும் நெற்றியைக் காட்டினார்கள், மாவு வாளியைக் காட்டினார்கள், சந்தன மாலையைக் காட்டினார்கள். மறுநாள் அந்தத் துண்டுப் படம் போன் போனாகப் பறந்தது. தாராவிக்காரர்கள் முதலில் கேலி பேசினார்கள், பிறகு அவர்களுக்கே பெருமை பிடித்துக்கொண்டது. நம்ம பிள்ளை என்று பேனர் கட்டினார்கள். சேனல் வண்டி சந்துக்குள் நுழைந்தால், மாஸ்டர், கிளம்பும் என்று சந்துக்காரர்களே அவனுக்குச் சைகை காட்டுவார்கள். அவன் டீக்கடைக்குப் போய் நின்றுகொள்வான்.

ஊரில் எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்தானே, மூன்றாம் நாள் ஊரிலிருந்து போன் வந்தது. அண்ணன் நயினார். இரண்டு பேருக்கும் நிலத் தகராறில் நாலைந்து வருஷமாகப் பேச்சில்லை. போனை எடுத்ததுமே அண்ணன் குரல் உடைந்து, பானுமதியா பேசுதது, தம்பி போனதை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, ஆறு வருஷமா மறைச்சிட்டியளே என்று அழ ஆரம்பித்தார். அண்ணன் தனக்காக இப்படி அழுவார் என்று சுயம்பு நினைத்ததே இல்லை.

"நாந்தாம்ணே பேசுதேன்," என்றான்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான், பிள்ளைக்காக என்று சொன்னான். நயினார் முழுக்கக் கேட்டார்.

"நானும் பங்காளி வீட்டுக்காரனுவளும் நேத்தே ஆத்துல போயி தலை முழுகிட்டு வந்துட்டோம்ல," என்றார். "முழுகினது முழுகினதாவே இருக்கட்டும்." போனை வைத்துவிட்டார். பிறகு இவன் கூப்பிட்ட எந்தப் போனையும் அவர் எடுக்கவில்லை.

ஆரம்பத்தில் இஷிகா ஷூட்டிங் முடிந்து வந்ததும் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். சாப்பிட்டியா யப்பா, தலை வலிக்குதா யப்பா என்று சும்மா சும்மா கேட்பாள். அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். வாரங்கள் போகப் போக அது குறைந்தது. அப்பாவுக்காக ஒரு பாட்டு என்று தனிச் சுற்றே வைத்தார்கள். அதில் அவள் பாடியதற்குத்தான் ஓட்டு கொட்டியது. கடைசியில் மூன்றாம் பரிசு. அதற்குமேல் மேடைக் கச்சேரிகள் வர ஆரம்பித்தன, அவற்றை ஏற்பாடு செய்ய மகாதேவன் என்று காட்கோபர்க்காரர் ஒருவர் வந்தார். அந்த அப்பா பாட்டு இல்லாமல் எந்த ஊரிலும் அவளை மேடையேற்ற மாட்டோம் என்கிறார்கள் என்று சொன்னார்.

ஒரே எபிசோடு என்றார்களே, அது முடிவதாக இல்லை. சுயம்பு ஒரு நாள் மகாதேவனிடம் போய், போதும் சார், உண்மையைச் சொல்லிவிடலாம் என்றான். அவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். சொன்னால் சேனலை யாரும் திட்டமாட்டார்கள், உன்னையும் திட்டமாட்டார்கள், உன் பெயர் யாருக்குத் தெரியும்? பொய் சொல்லி அழுத பெண் என்று பிள்ளையைத்தான் போனுக்குப் போன் கிழிப்பார்கள். பதிமூன்று வயசு, தாங்குவாளா? சுயம்பு பட்டறைக்கு வந்துவிட்டான். அன்றைக்கு முதல்முறையாக ஒரு சுருள் துணியைக் கோணலாக வெட்டினான்.

ஒரு வருஷமாக அவன் மகள் மேடையில் பாடி நேரில் கேட்கவில்லை. பானுமதிதான் கூடப் போவாள், பொட்டில்லாமல். இவன் போனில் பார்ப்பான். போனில் என்ன தெரியும், கார்வை தெரியுமா, மூச்சு தெரியுமா? செம்பூரில் தமிழர் சங்கத்து ஹாலில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கச்சேரி என்றதும் அவனால் முடியவில்லை. பட்டறையில் அவசர வேலை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி என்று போய் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தான்.

என்ன பாட்டு அது! கீழ் ஸ்தாயி முன்பெல்லாம் காற்றாகப் போகும், இப்போது கனமாக நின்றது. ஆறு கட்டையில் மேல் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு அலட்சியமாக இறங்கினாள். சுயம்புவின் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. என் பிள்ளை, என் பிள்ளை என்று அவனுக்கு எழுந்து கத்தவேண்டும் போல இருந்தது. பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குத் தெய்வ அனுக்கிரகம் என்று அவனிடம் சொன்னாள். மாடிப்படி அனுக்கிரகம் அம்மா என்று சொல்ல வாய் வந்தது, விழுங்கிக்கொண்டான்.

கடைசியாக அப்பா பாட்டு. விளக்கைக் குறைத்தார்கள். இஷிகா வழக்கமான வரியைச் சொன்னாள், ஆறு வயசுல, சாமிகிட்ட. சொல்லிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்து வந்த கண் மூன்றாவது வரிசையில் வந்து நின்றது. மாஸ்க்காவது, தொப்பியாவது, பெற்ற மகளுக்குத் தெரியாதா? ஒரு நொடி அவனையே பார்த்தாள். அவன் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை மேலே, ஆகாயத்தைப் பார்க்கத் தூக்கிப் பாட ஆரம்பித்தாள்.

பக்கத்து அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இதைப் பாக்க அந்த அப்பாவுக்குக் குடுத்து வைக்கலை பாருங்கோ," என்றாள்.

"ஆமாம்மா," என்றான் சுயம்பு.

அவன் பஸ் பிடித்து முந்தி வீட்டுக்கு வந்தான். வெந்நீரில் அதிமதுரமும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டு இறக்கி வைத்தான். அவனுக்குள்ளே ஒரு சந்தோஷம்கூட இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை என்னைப் பார்த்துவிட்டாள். வந்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறாள், நல்லா இருந்துச்சா யப்பா என்று கேட்கப் போகிறாள். ரெண்டாவது சரணத்தில் மூச்சு அவசரப்பட்டதைச் சொல்லவேண்டும், மற்றதெல்லாம் தங்கம் என்று சொல்லவேண்டும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கார் வந்தது. பானுமதி வந்ததும் நேராகக் கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பொட்டு வைத்துக்கொண்டாள். இஷிகா மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் அவன் எதிரில் வந்து நின்றாள்.

"யப்பா, நீ ஏன் வந்த?"

யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று அவன் நினைத்தான். மாஸ்க் போட்டிருந்தேனே மக்கா, ஒருத்தருக்கும் தெரியாது என்றான்.

"அதுக்கில்ல," என்றாள். குரலில் கோபம் இல்லை. பாட்டில் ஒரு பிசகு வந்தால் அது எதனால் வந்தது என்று தேடு என்று அவன்தான் பழக்கியிருந்தான். தேடிக் கண்டுபிடித்துச் சொல்கிறவளைப்போலச் சொன்னாள். "உன்னப் பாத்ததும் எனக்கு அழுகை வரல. எவ்வளவோ டிரை பண்ணேன், வரவே இல்ல. பாட்டு விழுந்துருச்சு. இனிமே நீ ஷோவுக்கு வராத யப்பா."

சுயம்பு டம்ளரை எடுத்துச் சூடு பதமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தான்.

"சரி மக்கா," என்றான். "வரல."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு, குடித்துக்கொண்டே மேலே பலகையறைக்கு ஏறிப் போனாள்.